நாற்பத்தோராவது பெயர்

ரஃபியா பணக்காரி ஆகிவிட்ட செய்தி அவள் காதில் விழுந்தது பன்னிரண்டாம் நோன்பு அன்று, மத்தியானம் மூன்று மணிக்கு. பேகம்பூர் பெண்கள் மதரஸாவின் ஹாலில், சுவரோரமாகச் சாய்ந்து அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

அவள் பயான் என்கிற மார்க்கச் சொற்பொழிவைக் கேட்கத்தான் அங்கே போகிறாள் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். மார்க்கப் பற்று இல்லாதவள் என்றும் நினைக்க வேண்டாம். நோன்பு மாதம் முழுக்க, ஊர் விடியலுக்கு முன் சஹர் சாப்பிட இடியாப்பம் அவித்துக் கொடுக்கிறவளுக்கு ராத்திரித் தூக்கம் ஏது? அந்த ஹாலில் நாலு ஃபேன் உண்டு, நாலும் ஓடும். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டால் மார்க்கம் படித்த ஆலிமா பாஸிலாவின் குரல் தாலாட்டுப் போல வந்து விழும். அதற்காகவே ரஃபியா தவறாமல் போனாள்.

"பதினோரு பவுன் கணக்கு வெறும் தங்கம் மட்டும் வச்சிருக்கவங்களுக்கு. தங்கமும் ரொக்கமும் சேர்ந்து இருந்தா வெள்ளிக் கணக்கு" என்று ஆலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். "அறுநூத்திப் பன்னெண்டு கிராம் வெள்ளி இன்னைக்கு என்ன விலையோ, அம்புட்டு உங்க கையில இருந்து ஒரு வருஷமும் ஓடியிருந்தா, நம்ம மத்ஹப்புச் சட்டப்படி ஏழைங்களுக்கு ஜகாத் குடுக்கிறது கடமை. அவங்க ஜகாத் வாங்கக் கூடாது."

வாங்கக் கூடாது என்ற இடத்தில் ரஃபியாவுக்கு முழிப்புத் தட்டியது. பதினோரு பவுன் என்றுதான் பிறந்ததிலிருந்து அவள் கேட்டிருக்கிறாள். தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். காதில் கிடக்கிற அரைப் பவுன் தோட்டோடு நிற்கிறவளுக்குப் பதினோரு பவுன் கணக்கு எதற்கு என்று அவள் அதற்கு மேல் யோசித்ததே இல்லை. ஆனால் ரொக்கம் இருந்தது. ஐந்து வருஷம் சீட்டுக் கட்டி, கடைசிச் சீட்டை எடுத்து, இடியாப்பக் கடைக்கு இடம் பிடிக்க வேண்டும் என்று வங்கியில் போட்டு வைத்த இரண்டு லட்சம். போன நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் போட்டது. தோதான கடை அமையாமல் அது அப்படியே கிடந்தது.

பயான் முடிந்ததும் அவள் போய் ஆலிமாவிடம் மெதுவாகக் கேட்டாள். பாஸிலா வயதில் சின்னவள், கல்லூரி முடித்துவிட்டு ஓதியவள். செல்போனில் தட்டிப் பார்த்தாள்.

"தோட்டையும் சேர்த்தா, நூத்துக்கு ரெண்டரைன்னு ஆறாயிரம் வருதும்மா. நீங்க ஜகாத் குடுக்கணும். மார்க்கப்படி நீங்க பணக்காரங்க."

ரஃபியா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "ஆலிமா, எங்க வீட்டு ஓடு ஒழுகுது. மழை வந்தா குண்டாவை வச்சுப் பிடிக்கிறோம்."

"குடியிருக்கிற வீட்டைக் கணக்குல எடுக்கிறதில்லம்மா. ஒழுகினாலும் சரி, ஒழுகாட்டியும் சரி" என்றாள் பாஸிலா. பிறகு சும்மா இருந்திருக்கலாம், இல்லை, கேட்டாள்: "போன வருஷ நோன்புலயும் இந்தப் பணம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு."

"வருஷம் ஓடணுங்கிறது குடுக்கிறதுக்கு. வாங்கக் கூடாதுன்னு ஆக, கையில இருந்தாலே போதும். போன வருஷம் யார்கிட்டயாச்சும் ஜகாத் வாங்கினீங்களா?"

ரஃபியாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. அவள் அப்போது கட்டியிருந்ததே அந்தச் சேலைதான், கத்திரிப்பூ நிறத்தில் சரிகை போட்டது. போன வருஷம் தோல் ஷாப் முதலாளி மனைவி மெஹராஜ் மாமி ஜகாத்தாகக் கொடுத்தது.

"தெரியாம வாங்கினதை அல்லாஹ் மன்னிப்பான். அதோட மதிப்பை ஒரு ஏழைக்குக் குடுத்திருங்க, போதும்" என்றாள் ஆலிமா.

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். வீட்டுக்கு நடந்து வந்த கால் மணி நேரமும் ரஃபியா மெஹராஜ் மாமியின் நோட்டையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஏன் என்று புரிய, அந்த நோட்டைப் பற்றித் தெரிந்தாக வேண்டும்.

சேக் பரீது பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பின் முதலாளி. வருஷா வருஷம் இருபத்தைந்தாம் நோன்பு அன்று அவர் வீட்டில் அறுபது குடும்பத்துக்கு ஜகாத் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி, சேலை, இரண்டாயிரம் ரூபாய். அறுபது பெயரும் அவர் மனைவி மெஹராஜின் நீள நோட்டில் இருக்கும். ரஃபியாவின் புருஷன் இஷாக் அவர்களிடம்தான் சுண்ணாம்புக் குழியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். கைத்தோல் உரிந்து வேலையை விட்ட வருஷம், நாற்பத்தோராவது பெயராக 'இஷாக் வீடு, ரஃபியா' என்று நோட்டில் ஏறியது. ஒருத்தர் பெயர் போனால்தான் இன்னொருத்தர் பெயர் ஏறும். போன பெயர் மறுபடி ஏறாது. இது பேகம்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயருக்காகக் காத்துக்கிடந்தவர்கள் பல பேர். ரஃபியாவோடு இடியாப்பம் பிழிகிற கமர்ஜஹான் புருஷனைப் பறிகொடுத்து இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

பன்னிரண்டு வருஷம் அந்தப் பெயர் ரஃபியாவைத் தாங்கியிருக்கிறது. எந்தக் கஷ்டத்திலும் ஒரு மூட்டை அரிசி நிச்சயம் என்கிற தெம்பு சாதாரணத் தெம்பு இல்லை. இப்போது அவளாகவே போய் எடுக்கச் சொல்ல வேண்டும். கடையோ இன்னும் திறக்கவே இல்லை. திறந்து, வியாபாரம் படுத்துவிட்டால்?

இதைத்தான் இஷாக்கும் கேட்டான். அவன் இப்போது ஒரு வெங்காய மண்டியில் வாட்ச்மேன்.

"யாரு பணக்காரன், நானா? முட்டிக்கு ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுன்னு டாக்டரு சொன்னாரே, எடுத்தனா? டாக்டரு ரெஸ்ட் எடுன்னு சொல்லி எவனால எடுக்க முடியுதோ அவன்தான் பணக்காரன். நான் மறுநாளே டூட்டிக்குப் போனவன்."

"மார்க்கம் அப்படிச் சொல்லுதுங்க."

"மார்க்கம் சொல்லும், நாளைக்குக் கடை ஓடலைன்னா சோறு யாரு போடுவா? ஜகாத் குடுக்கணுமா, ஆறாயிரம்தானே, குடுத்துரு. வேணாங்கல. ஆனா மாமிகிட்டப் போயி பேரை எடுங்கன்னு மட்டும் நிக்காத. டோக்கன் வந்தா வாங்கி, கமர்ஜஹான்கிட்டக் குடுத்துட்டுப் போ. பேரு அது பாட்டுக்கு நோட்டுல இருக்கட்டும்."

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். யாருக்கும் நஷ்டமில்லை, காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும். இஷாக் கெட்டவனில்லை, பயந்தவன். வேலை போய் ஒரு தடவை சட்டென்று கீழே விழுந்து பார்த்தவன் அப்படித்தான் பேசுவான். ரஃபியாவுக்கும் அந்தப் பயம் இருந்தது, இல்லாமல் எங்கே போகும்? ஆனால் இல்லாதவர்களுக்குரிய வரிசையில், இருக்கிற ஒருத்தி தன் பெயரை ஒளித்து வைத்திருப்பதா? அதை நினைத்தால் கட்டியிருந்த சேலை உடம்பில் முள்ளாகக் குத்தியது. அவள் அதை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் போட்டாள். போட்டும் குத்தியது.

மறுநாள் மாவு பிசையும்போது கமர்ஜஹானிடம் பேச்சுவாக்கில் சொன்னாள், நோட்டு விஷயத்தை விட்டுவிட்டு. முப்பது வயதுக்காரி அவள், இரண்டு பிள்ளைகள், வாய் மட்டும் ஆறு பேருக்கு உண்டு.

"ஆலிமாகிட்ட ஏங்க்கா போயிக் கேட்டீங்க, என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். உங்க வீட்டுல ரெண்டு சிலிண்டர் இருக்குல?"

"இருக்கு."

"ஒண்ணு தீர்ந்துச்சுன்னா இன்னொண்ணை மாட்டிட்டுப் பேசாம சமைப்பீங்கல? அப்ப பணக்காரிதான். எனக்கு ஒண்ணு. அது தீர்ந்த அன்னைக்கு எம் புள்ளைகளுக்கு டீயும் பன்னும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ரஃபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து நாகஜோதியைப் பார்க்கப் போனாள். பேகம்பூர் பஸ் ஸ்டாப் பக்கம் மூன்று கடை வரிசைக்குச் சொந்தக்காரி நாகஜோதி. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டக் குடும்பம், பூக்காசில் வாங்கிய கடைகள். கடைசிக் கடைக்குத்தான் ரஃபியா அட்வான்ஸ் பேசி வைத்திருந்தாள், பெருநாள் கழிந்து இரண்டு லட்சம் தருவதாக.

"அக்கா, பத்தாயிரத்துச் சொச்சம் குறையும். ரெண்டு மாசத்துல தந்துர்றேன்."

"ரெண்டு லட்சம்னுதானே தாயி பேச்சு?"

ரஃபியா உள்ளதைச் சொன்னாள். ஜகாத் ஆறாயிரம், போன வருஷம் வாங்கியதற்கு ஈடு மீதி. நாகஜோதி தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப நீ பணக்காரிங்கிற. வாடகையை ஐந்நூறு ஏத்திருவமா?" என்றாள்.

ரஃபியாவின் முகம் வாடியதைப் பார்த்து நாகஜோதிக்குச் சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது.

"சும்மா சொன்னேன், உக்காரு. நாங்க எப்ப பணக்காரங்க ஆனோம்னு எனக்குத் தெரியும் தாயி. நாள் கூடத் தெரியும். மல்லிக விலை தரைமட்டத்துக்கு விழுந்துச்சு ஒருக்க. எப்பவும் விடியக்காலம் ரெண்டு மணிக்கு நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டுக் குடும்பமே பறிக்க எறங்குவோம். அன்னைக்கு எங்கப்பா, 'வேணாம், கெடந்துட்டுப் போகுது, தூங்குங்க'ன்னுட்டாரு. சுத்தி இருக்க தோட்டத்துலயெல்லாம் அந்தக் காசுக்கும் பறிச்சாங்க. பறிச்சாத்தான் அவுங்களுக்கு அன்னைக்கு அடுப்பு எரியும். எங்க தோட்டத்துப் பூ மட்டும் செடியிலயே விரிஞ்சு கெடந்துச்சு. காசு ஒண்ணும் வரல. ஆனா விட முடிஞ்சுச்சு பாரு." அவள் எழுந்து சாவிக்கொத்தை இடுப்பில் சொருகினாள். "குடுக்க வேண்டியதைக் குடு. எனக்கு ரெண்டு மாசம் கழிச்சு வந்தாப் போதும். வாடகை மட்டும் அஞ்சாந்தேதி தாண்டக் கூடாது."

விட முடிந்தது என்கிற அந்தச் சொல்லை ரஃபியா வீடு வரைக்கும் கொண்டுவந்தாள். அவளால் விட முடியுமா? தெரியவில்லை.

பதினெட்டாம் நோன்பு அன்று டோக்கன் வந்துவிட்டது. தோல் ஷாப் கணக்கப்பிள்ளை வழக்கம்போல வாங்குகிறவர் மனம் நோகாமல் கதவுச் சந்தில் சொருகிவிட்டுப் போயிருந்தார். ரோஸ் நிற அட்டை, நடுவில் 41. இஷாக் அதை எடுத்து அலமாரியில் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டு நாள் அந்த அட்டை அங்கேயே இருந்தது. போகும்போதும் வரும்போதும் அது அவளைப் பார்த்தது.

இருபதாம் நோன்பு காலையில் அவள் அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இஷாக் டூட்டி முடிந்து வந்து படுத்திருந்தான், தூங்கவில்லை.

"போறியா?" என்றான்.

"போறேன்."

"அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வாசலைத் தாண்டும்போது, "குடையை எடுத்துட்டுப் போ, வெயிலு" என்று மட்டும் குரல் வந்தது.

மெஹராஜ் மாமி வீட்டுக்கு இரண்டு வாசல். ஜகாத் வரிசை எப்போதும் பக்கத்துச் சந்தில், பின் கேட்டில் நிற்கும். பன்னிரண்டு வருஷமாக ரஃபியாவுக்குத் தெரிந்தது அந்தக் கேட்டுத்தான். இன்றைக்கும் கால் பழக்கத்தில் அங்கேதான் போனது. பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் சுற்றி வந்து முன்வாசல் மணியை அழுத்தினாள். அழுத்திவிட்டு ஓடிவிடலாமா என்றும் நினைத்தாள்.

மெஹராஜே கதவைத் திறந்தாள். அறுபது வயது, மூட்டுவலி, கனத்த உடம்பு. பிள்ளைகள் வெளிநாட்டில். அத்தனை பெரிய கூடத்தில் அவள் ஒருத்திதான் தஸ்பீஹ் மணிமாலையோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ரஃபியாவை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

"இருபத்தஞ்சாம் நோன்புல்ல தேதி? டோக்கன் வரலையா?"

"வந்துச்சு மாமி." ரஃபியா முடிச்சை அவிழ்த்து அட்டையை நீட்டினாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "இது எனக்கு ஆகாது மாமி. என்கிட்டப் பணம் இருக்கு. போன வருஷமே இருந்துச்சு. பதினோரு பவுன் இருந்தாத்தான்னு நெனச்சு வாங்கிட்டேன். தெரிஞ்சு ஏமாத்தல. அதுக்கு ஈடு குடுத்தர்றேன். எம் பேரை எடுத்திருங்க."

மெஹராஜ் அட்டையை வாங்கவில்லை. திட்டப் போகிறாள் என்றுதான் ரஃபியா நினைத்தாள். மெஹராஜ் மெதுவாக எழுந்து பீரோவைத் திறந்து நீள நோட்டை எடுத்து வந்தாள். காடாத்துணி அட்டை போட்டது, நடுவில் நூல் கட்டிய பேனா.

"இருபத்தெட்டு வருஷமா இந்த நோட்டை நான் எழுதுறேன். மவுத்தானவங்க பேரை அடிச்சிருக்கேன். திருப்பூருக்குக் குடி போனவங்க பேரை அடிச்சிருக்கேன். உசுரோட, கண்ணு முன்னாடி வந்து நின்னு எம் பேரை அடின்னு ஒருத்தி சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்." நோட்டை விரித்து அவள் பக்கம் தள்ளினாள். "எனக்குக் கை வராது. நீயே அடி."

நாற்பத்தோராவது வரி. 'இஷாக் வீடு, ரஃபியா.' மை வெளுத்துப்போயிருந்தது. ரஃபியா பேனாவை எடுத்தாள். அடிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

"மாமி, கடை வைக்கப் போறேன். ஓடலைன்னா... பேரு மறுபடி ஏறாதுல்ல?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"நான் சொல்லலையே." மெஹராஜ் நிஜமாகவே யோசித்தாள். "எடுக்கச் சொல்லி எவளாச்சும் வந்திருந்தால்ல திரும்ப எழுதுறதான்னு நான் யோசிச்சிருக்கணும்? வந்ததே இல்லையே. ஓடலைன்னா வா. வந்து நீயே எழுதிக்க. பேனா இந்த நோட்டுலதான் கெடக்கும்."

பன்னிரண்டு வருஷம் ஊரே பயந்த சட்டம் யாரும் போடாத சட்டம். ரஃபியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரே கோடாகத் தன் பெயரை அடித்தாள். பக்கத்தில் கமர்ஜஹான் பெயரை எழுதட்டுமா என்று கேட்டாள். மெஹராஜ் தலையாட்டியதும், இரண்டு பிள்ளைகள் என்பதையும் சேர்த்து எழுதினாள்.

அவள் எழுந்தபோது மெஹராஜ் கையமர்த்தினாள். நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து விரித்தாள். அங்கே எட்டோ ஒன்பதோ பெயர்கள்தான் இருந்தன.

"இது பெருநாளுக்குப் பலகாரம் மாத்திக்கிற வீடுங்க. அவங்க எனக்கு அனுப்புவாங்க, நான் அவங்களுக்கு அனுப்புவேன். பாதிப் பேரு இப்ப சென்னையில. இந்தக் கதவைத் தட்டுறவங்க எல்லாம் வாங்கத்தான் வாராங்க ரஃபியா. எனக்கு ஒருத்தர் ஒண்ணு கொண்டாந்து குடுத்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா? பணக்காரின்னு பேரு, ஆனா எனக்குன்னு ஒரு கிண்ணம் வராது." அவள் ரஃபியாவின் பெயரைக் கடைசியாக எழுதினாள், நிதானமாக, அழகான கையெழுத்தில். "பெருநாளன்னைக்கு உன் இடியாப்பம் எனக்கு வரணும். தேங்காப்பாலு கெட்டியா."

அன்றைக்கு ரஃபியா போனதும் முன்வாசல் வழியாக, வெளியே வந்ததும் முன்வாசல் வழியாக. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். இஷாக் எழுந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். ஓடலைன்னா நீயே எழுதிக்க என்று மாமி சொன்ன இடம் வந்ததும், அதை மட்டும் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னாள். அதன் பிறகு அவன் நிம்மதியாகத் தூங்கினான், குறட்டை சந்து வரைக்கும் கேட்டது.

இருபத்தைந்தாம் நோன்பு அன்று கமர்ஜஹான் அரிசி மூட்டையை ஆட்டோவில் ஏற்றி வந்தாள். அன்றைக்குத்தான் நோட்டில் தன் பெயரைத் தானே அடித்த கதையை ரஃபியா அவளிடம் சொன்னாள். அதற்கு இரண்டு நாள் கழித்து ரஃபியா பத்தாயிரத்துச் சொச்சத்தை ஒரு கவரில் போட்டு, இடியாப்ப வாளிக்குள் வைத்து, யாரும் பார்க்காத நேரமாக அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கொடுத்துப் பழக்கமில்லாததால் எப்படி நீட்டுவது என்று தெரியவில்லை. "பெருநாள் காசு" என்று சொல்லி, கவரை அடுப்படியில் வைத்துவிட்டு, கடன் வாங்கியவள் போல வேகமாக வந்துவிட்டாள்.

பெருநாள் காலையில் இஷாக்கே புதுச்சட்டை போட்டுக்கொண்டு இடியாப்பத்தையும் தேங்காய்ப்பாலையும் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோனான். முன்வாசலில் சேக் பரீது அவனைத் தோளோடு அணைத்து முஆனகா செய்தாராம். திரும்பி வந்தபோது கையில் பிரியாணித் தூக்கு கனத்தது. தூக்கை இறக்கி வைத்துவிட்டு, "கெட்டியா இருக்குன்னு மாமி சொல்லச் சொன்னாங்க" என்றான். அவனே செய்தது போல முகத்தில் பெருமை.

பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள் கடை திறந்தார்கள். ரஃபியா அந்தக் கத்திரிப்பூச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். ஈடு கொடுத்தாகிவிட்டது, இப்போது அது அவளுடையது. நாகஜோதி பெரிய பந்தாக மல்லிகை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அஞ்சாந்தேதியை மறுபடி ஞாபகப்படுத்தினாள். முதல் தட்டு அவித்து இறக்கும் நேரத்தில் கமர்ஜஹான் வேலைக்கு வந்தாள், வழக்கத்துக்கு விரோதமாகக் கால் மணி நேரம் தாமதமாக.

"எங்கடி போன?"

"சிலிண்டர்காரன் வந்தான்க்கா. ரெண்டாவது சிலிண்டர். வாசல்ல எறக்கி உருட்டிக்கிட்டே வந்தான் பாருங்க, அந்தச் சத்தத்தை நின்னு கேட்டுட்டு வாரேன்." கமர்ஜஹான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மாவில் கையை வைத்தாள். பிசைந்துகொண்டே கேட்டாள்: "அக்கா, மாமி நோட்டுல பேரை அடிக்கிற பேனா, எந்தப் பக்கம் கட்டியிருக்கும்?"

"அதுக்குள்ள உனக்கு எதுக்குடி அது?"

"இன்னைக்கு இல்ல" என்றாள் கமர்ஜஹான். "தெரிஞ்சு வச்சுக்கிறேன்."